தோசைக்கல் பர்கர்

14-12-2003, ஞாயிறு

அப்பா நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததிலிருந்து வீட்டில் எண்ணெய்க்குத் தடை. எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் தடை. முன்பெல்லாம் அம்மாவுக்குத் தெரியாமல் நானும் அவரும் டெல்லி சவுத் எக்ஸ் கடைத்தெருவில் ஒரு கடையில் பொரித்த சிக்கன் பர்கர் தின்போம். வாசனை காட்டிக்கொடுக்காமலிருக்க, திரும்பும் பஸ்ஸில் சோம்பு மெல்வோம். இப்போது தட்டில் எதைப் போட்டாலும் கிளறிவிட்டு எழுந்துவிடுகிறார்.

இன்று அம்மா ஐ.என்.ஏ. மார்க்கெட் போனதும் அந்தப் பர்கருக்குக் கள்ளநோட்டு அடிக்க ஆரம்பித்தேன். சிக்கனைத் தயிரில் ஊறவைத்து, நொறுக்கிய கார்ன்ஃப்ளேக்ஸில் புரட்டி, ஒரு ஸ்பூன் எண்ணெயில் தோசைக்கல்லில் வாட்டினேன். மயோனைஸுக்குப் பதில் வடிகட்டிய கெட்டித்தயிர். பத்திரப்படுத்தியிருந்த கடைக் காகிதத்தில் சுற்றி நீட்டினேன்.

"சவுத் எக்ஸ் ஸ்பெஷல் டெலிவரி, சார்."

அப்பா கடித்தார். பல்லிடுக்கிலிருந்து எதையோ எடுத்துப் பார்த்தார். நேற்றைய தோசையின் கருகல்.

"ஏண்டா, அந்தக் கடையில இப்போ தோசையும் சுடறானா?"

மாட்டிக்கொண்டேன். ஆனால் அவர் கீழே வைக்கவில்லை. வழக்கம்போல் இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை எனக்குத் தந்தார். தன் பாதியை முழுவதும் தின்றார். பிறகு அலமாரியிலிருந்து சோம்பை எடுத்தார்.

"ஜல்தி மெல்லுடா. அம்மா வந்துடுவா."

அம்மா பையோடு வாசலிலேயே நின்றிருந்தாள்.

"சோம்பு இருக்கட்டும். எத்தனை ஞாயித்துக்கிழமைதான் நான் வாசனையை மட்டும் பிடிக்கிறது? என் பங்கு எங்கே?"

தோசைக்கல்லை மறுபடி எடுத்தேன். இம்முறை ஒழுங்காகத் தேய்த்தேன். கூடத்தில் அப்பா சிரிப்பது கேட்டது.