தங்கராஜ் போட்ட கோல்கள்

மக்கா,

முந்தாநாள் கல்லூரியிலிருந்து ஓர் உறை வந்தது. அபுதாபி முசஃபாவில் இருக்கிற என் கடை முகவரியை யாரிடம் வாங்கினார்களோ தெரியாது. பழைய மாணவர் சங்கம் மலர் போடுகிறதாம். நம் கல்லூரி அணியில் ஆடி, பிறகு சம்பளத்துக்குப் பந்து உதைக்கப் போனவர்களுக்கென்று அதில் தனியாக ஒரு பக்கம். ஒன்பது பெயர் இருக்கிறது. ஏழாவது நீ. மற்ற எட்டுப் பேருக்கும் நேராக ஊர், கிளப், ஆடிய வருடங்கள் எல்லாம் தட்டச்சு செய்திருக்கிறார்கள். உன் பெயருக்கு நேராகக் கல்கத்தா என்று மட்டும் இருக்கிறது. கீழே பேனாவால் ஒரு குறிப்பு: “இவரைப் பற்றி உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒரு பத்தி எழுதி அனுப்பவும்.”

கல்லாவில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். “பந்தாட்டக் களத்திலேயே உயிர் நீத்தார்” என்று ஒரு வரி வந்தது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். நீ களத்தில் சாகவில்லை. எங்கே, எப்படி என்று எனக்குத் தெரியும். மலருக்கு எழுத முடியாததால் உனக்கு எழுதுகிறேன்.

அந்த ஒன்பது பேரோடும் ஒரே பஸ்ஸில் போனவன் நான். மூன்று வருடத்தில் மைதானத்தில் இறங்கியது இரண்டு தடவை, இரண்டும் நாம் ஏற்கெனவே ஜெயித்துவிட்ட ஆட்டங்கள். மீதி நாளெல்லாம் பெஞ்சு. எதிர் அணிக்காரன் கேட்பான்: “உங்க காலேஜ்ல பாடம் நடத்துவாங்களா, இல்ல பந்து உதைக்க மட்டுந்தானா?” நீ சொல்லுவாய்: “பாடமும் உண்டு. அதுக்குத்தான் இவன கூட்டிட்டு வாறோம்.” என்னைக் காட்டித்தான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு அது வலிக்காது என்று நீ நினைத்தாய். வலித்தது என்று இப்போது சொல்வதால் யாருக்கும் நஷ்டமில்லை.

கல்கத்தாக்காரர்கள் வந்து உன்னைத் தேர்ந்தெடுத்துப் போனபோது, நாகர்கோவில் ஸ்டேஷனில் மொத்த அணியும் நின்றது. உன் அம்மா அழுதாள். நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அங்கயும் மீன் உண்டுன்னு சொன்னானுவ. பின்ன என்ன பயம்?” என்றாய். ஐந்து சீசன். பிறகு முழங்கால். ஆபரேஷன் செய்து, ஒரு சால்வையும் போர்த்தி அனுப்பிவிட்டார்கள். இந்த ஒன்பது பேர் வாழ்க்கையையும் நான் வியாபாரியின் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் வேலை வாங்கிப் பிழைத்துக்கொண்டார்கள். ஒருவன் பெயின்டர். ஒருவன் ஜித்தாவில், ஷரஃபியா பக்கம் ஒரு ஓட்டலில் பரோட்டா போடுகிறான். மற்றவர்கள் வள்ளத்துக்கே திரும்பிப் போனார்கள். கால் ஓடும்வரைதான் அந்தச் சரக்குக்கு மதிப்பு.

நான் அதற்குள் முசஃபாவில் வெல்டருக்கு உதவியாளாக ஆரம்பித்து, பழைய கியர்பாக்ஸ் வாங்கி விற்கிற கடை வரைக்கும் வந்திருந்தேன். உனக்கு விசா அனுப்பினேன். கடைக்கு இருந்த ஒரே காலியிடம் லோடர். தாளைப் படித்துவிட்டு நீ போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “கல்கத்தாவுல ஸ்ட்ரைக்கர், முசஃபாவுல லோடர். இதுவும் ஒரு டிரான்ஸ்பர்தான் மக்கா.”

வந்த பிறகு நீ ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. பிக்கப் ஓட்டினாய், சாமான் ஏற்றினாய், விசா கொடுத்த அரபி, நம் கஃபீல், கடைக்கு வந்தால் எழுந்து நின்றாய். ஆனால் வெள்ளிக்கிழமை நாலு மணி ஆனால் உன் கால் நிற்காது. அபுதாபியில் அப்போது கேரளக் கல்லூரிகளும் நம் பக்கத்துக் கல்லூரிகளும் சேர்ந்து பழைய மாணவர்களுக்கென்று அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டி நடத்தின. நம் கல்லூரி தொடர்ந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனதில் மற்றவர்களுக்குக் கடுப்பு. கூட்டம் போட்டு ஒரு விதி கொண்டுவந்தார்கள்: காசு வாங்கி கிளப்புக்கு ஆடியவன் யாரும் இனி ஆடக்கூடாது. பத்தாக்கா என்கிற அடையாள அட்டையைக் காட்டினால்தான் களத்துக்குள் விடுவார்கள்.

விதி யாரைக் குறிவைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். நீ கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தாய். நாம் தோற்றோம். அடுத்த வாரமும் தோற்றோம்.

யோசனை என்னுடையது. அதை யார் தலையிலும் போட மாட்டேன். என் பத்தாக்காவில் இருந்த படம் பழையது, மங்கலானது. இருவருக்கும் ஒரே மீசை, ஒரே கடற்கரைக் கறுப்பு. கார்டு பார்க்கிறவர்களுக்கும் எதிர் அணிக்காரர்களுக்கும் உன் பெயர் தெரிந்த அளவுக்கு முகம் பழக்கமில்லை.

“உன் பேருல உன்ன விடமாட்டானுவ. என் பேருல ஆடு” என்றேன்.

நீ கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாய். “தங்கராஜ் பேருக்கு இதுவரைக்கும் ஒரு கோலாவது உண்டாடே?”

“இல்ல.”

“அப்பம் இன்னைக்கு ரெண்டு போட்டுத் தாறேன்.”

மூன்று போட்டாய். கோட்டுக்கு வெளியே நம் ஆட்கள் கத்தினார்கள்: “தங்கராஜ்! தங்கராஜ்!” விஷயம் தெரிந்தவர்கள்தான், சிரித்துக்கொண்டே கத்தினார்கள். விஷயம் தெரியாத மற்றவர்களும் கூடக் கத்தினார்கள். நான் அவர்கள் நடுவில் நின்று கேட்டேன். வாழ்க்கையில் நான் வாங்கிய எந்த லாபமும் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் வராது. ஒரு மலையாளப் பத்திரிகையில் ஓர் ஓரத்தில் என் பெயர் வந்தது. அதைக் கத்தரித்து ஊரில் அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் இறக்கும்வரை அதைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். உன்னிடம் இதைச் சொன்னதே இல்லை. வெட்கம்.

இரண்டு சீசன் அப்படிப் போனது. பிறகு உன் கால் வீங்கியது. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். காலில் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கிறது, மேலும் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும், அதைச் சாப்பிடுகிறவரை அடிபட்டால் ரத்தம் நிற்காது, பந்து பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டேன்.

நீ நிறுத்திவிட்டாய். நம் அணி உருண்டு புரண்டு ஃபைனலுக்கு வந்தது. நான் கடையில் உன்னைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

“ஃபைனல் மட்டும் மக்கா. அரை மணிக்கூறு.”

“டாக்டர் ஆடாதன்னு சொல்லியிருக்காருடே.”

“உன்னையத்தான சொன்னாரு? ஆடப்போறது தங்கராஜ் இல்லியா?”

நீ பிக்கப் மேல் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எதிராளி சிரித்துவிட்டால் பேரம் முடிந்தது என்பது என் தொழில் கற்றுக்கொடுத்தது.

இரண்டாம் பாதியில் கார்னர் பந்துக்கு நீ எழும்பினாய். அவர்கள் கோல்கீப்பரும் எழும்பினான். தலையும் தலையும் மோதின. நீ விழுந்து, உடனே எழுந்து, “ஒண்ணும் இல்லடே” என்று கையைக் காட்டினாய். ஐந்து நிமிடம் ஓடினாய். பிறகு கோட்டருகே வந்து, “தல வலிக்கு” என்று சொல்லி உட்கார்ந்தாய். உட்கார்ந்தவன் எழவில்லை. நம் ஆட்கள் அப்போதும் “தங்கராஜ், எழும்பு தங்கராஜ்” என்றுதான் கூப்பிட்டார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் உன் பையிலிருந்த கார்டுகளை எடுத்துக்கொண்டார்கள். பத்தாக்கா என்னுடையது. கூடவே அதே உறையில் இருந்த ஹெல்த் கார்டும் என்னுடையது.

ஆஸ்பத்திரியில் அந்த நம்பரைத் தட்டினார்கள். என் ஃபைல் திறந்தது. நான் பக்கத்தில் நிற்கிறேன். என் பெயரைச் சொல்லி உன்னை உள்ளே தள்ளிப் போகிறார்கள். டாக்டர் வெளியே வந்து, மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்று இந்தியில் கேட்டார்.

“நஹி” என்றேன்.

கடையை நினைத்துச் சொன்னேன். அடுத்தவனுக்குக் கார்டு கொடுத்தவன் என்று தெரிந்தால் போலீஸ், விசா ரத்து, கஃபீல் கைகழுவிவிடுவார், பதினாலு வருட உழைப்பு கலாஸ். இதெல்லாம் ஒரு மூச்சில் தலைக்குள் ஓடியது. என் ஃபைலில் மாத்திரை இல்லை, அதனால் உனக்கும் மாத்திரை இருக்கக்கூடாது. அப்படித்தான் என் புத்தி வேலை செய்தது.

கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் வந்தாள். தூத்துக்குடிப் பக்கம். நான் தமிழ் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

“அண்ணே, இவரு ஒங்க ஆளா?”

“ஆமா சிஸ்டர்.”

“ஃபைல்ல குடல்வால் ஆபரேஷன் ஆயிருக்குன்னு போட்டிருக்கு. இவரு வயித்துல தழும்பே இல்லியே.”

நான் சுவரைப் பார்த்தேன்.

“அண்ணே, உள்ள தலைக்குள்ள ரத்தம் நிக்க மாட்டேங்குது. ஏன்னு தெரியாம டாக்டர் முழிக்காரு. இது யாருண்ணே?”

என் கை தானாகச் சட்டைக்கு மேலே வயிற்றில் அந்தத் தழும்பு இருக்கிற இடத்தைப் பொத்தியது. அவள் பார்த்துவிட்டாள். அப்புறம்தான் சொன்னேன். உன் பெயர், மாத்திரையின் பெயர், எல்லாம். அவள் ஓடினாள். “நஹி” என்று நான் சொன்னதற்கும் அவள் ஓடியதற்கும் நடுவில் நாற்பது நிமிடம். சுவரில் கடிகாரம் இருந்தது, நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ போனாய். கட்டிலில் தொங்கிய அட்டையில் அப்போது உன் பெயர்தான் இருந்தது. முன்னாலேயே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் நல்ல மனிதர். சொல்ல முடியாது என்றார். பிழைத்திருக்க மாட்டான் என்று உறுதியாகச் சொல்லியிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

போலீஸ் ஸ்டேஷனில் அரை நாள். கஃபீல் என்னோடு வந்து உட்கார்ந்தார். ஒரு தாளில் கையெழுத்து, ஓர் எச்சரிக்கை, யல்லா போ என்றுவிட்டார்கள். அவ்வளவுதான் மக்கா. நான் எதற்குப் பயந்தேனோ அதன் அளவு அரை நாள்.

இதையும் விட மோசமான ஒன்று இருக்கிறது. அதை நான் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது. கடையில் பெஷாவர்ப் பக்கத்துப் பட்டாணி ஒருவனுக்கு கியர்பாக்ஸ் காட்டிக்கொண்டிருந்தபோது, பாதிப் பேச்சில் புத்தியில் பட்டது: பெயரை மறைத்துக்கொண்டே மாத்திரையைச் சொல்லியிருக்கலாம். “ஆமாம் டாக்டர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார், வேறொரு இடத்தில் காட்டியது” என்றால் முடிந்தது. ஃபைல் யாருடையது என்று அவர் கேட்டே இருக்க மாட்டார். என் கடையும் இருந்திருக்கும், உனக்கு வேண்டிய மருந்தும் ஏறியிருக்கும். பத்து கைமாறி வந்த எஞ்சினை ஒரு பார்வையில் எடை போடுகிறவன் நான். எந்த வியாபாரத்திலும் இரண்டு பக்கமும் நஷ்டமில்லாத வழி ஒன்று இருக்கும், அதைப் பிடிக்கிறவன்தான் நிற்பான் என்று வேலைக்கு வருகிறவனுக்கெல்லாம் சொல்பவன். அன்று ஒரே ஒரு தடவை அந்தப் புத்தி தேவைப்பட்டது. வரவில்லை. பட்டாணி, “பாய், க்யா ஹுவா?” என்று கேட்டான். நான் கியர்பாக்ஸைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உன் மனைவி ஜெயராணிக்கு நான் சொன்னதெல்லாம், பந்தாடும்போது தலையில் அடிபட்டது, கடைசிவரை கூடவே இருந்தேன் என்பதுதான். இரண்டும் உண்மை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கூப்பிட்டு, “நீங்க பக்கத்துல நின்னீங்கன்னுதான் அண்ணே எனக்கு ஒரு ஆறுதல்” என்பாள். நான் போனை வைத்துவிட்டு வெளியே போய் நிற்பேன்.

நேற்று நானாகக் கூப்பிட்டேன், அந்தக் கல்லூரித் தாளுக்காக. நீ கல்கத்தாவுக்குப் போன வருடமும் திரும்பிய வருடமும் கேட்டேன். சொன்னாள். அப்புறம் போனை வைக்காமல் இருந்தாள்.

“அண்ணே, ஒண்ணு கேக்கட்டா? நாலு வருசமா கேக்கணும்னு இருக்கேன்.”

“கேளும்மா.”

“ரத்தம் நிக்காததுக்கு அந்த மாத்திரதான் காரணம்னு, லீவுல வந்த ரூம்காரரு சொன்னாரு. அன்னைக்கு வெள்ளிக்கிழம காலைல நான் போன் பண்ணி, மாத்திர போட்டாச்சான்னு கேட்டேன். மறந்துபோச்சு, அப்புறம் போடுதேன்னாரு. நான் விடல அண்ணே. சண்ட போட்டேன். போன்ல இருக்கும்போதே போட வச்சேன். தண்ணி குடிச்ச சத்தம் கேட்ட பொறவுதான் போன வச்சேன். நான் ஞாபகப்படுத்தாம இருந்திருந்தா?”

“சே, அப்பிடியெல்லாம் இல்லம்மா” என்றேன். அவ்வளவுதான் வந்தது. அன்று நாற்பது நிமிடத்தில் வாயைத் திறந்தவன், நேற்று திறக்கவே இல்லை. அவள் “சரிண்ணே” என்று வைத்துவிட்டாள். நம்பவில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

என் கணக்கில் இருக்க வேண்டியதை நாலு வருடமாக அவள் சுமந்திருக்கிறாள் மக்கா. நான் இங்கே என் பாரத்தைப் பெரிதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். இதைப் போனில் சொல்லக்கூடாது. போன் என்றால் நான் வைத்துவிடுவேன். இன்று மதியம் கொடவுன் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். “ஜெயராணி, மாத்திர இல்லம்மா. டாக்டர் கேட்டப்பம் நான்...” அதோடு நின்றுவிடுகிறது. ஆறு தடவை ஆரம்பித்தேன். ஆறு தடவையும் “நான்” வரைக்கும்தான். வெளியே பையன்கள் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டு டிரக்கிலிருந்து சாமான் இறக்கினார்கள்.

அந்தப் பாதி வாக்கியத்தோடுதான் வருகிறேன். அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்து அதை முடித்தாக வேண்டும். முடித்த பிறகு அவள் என்னை அண்ணே என்று கூப்பிட மாட்டாள். தெரியும். உன் கல்லறைக்குப் போகக்கூட விடாமல் இருக்கலாம். அதுவும் சரிதான். ஆனால் நீ தண்ணீர் குடித்த அந்தச் சத்தத்தை இனி ஒரு காலைகூட அவள் கேட்கக்கூடாது. அது என் காதுக்கு வரட்டும்.