பக்கிரிசாமியின் இரண்டு விரல்கள்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
18-8-1936

அன்பு மகன் சிவகுருநாதனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கந்தசுவாமியார் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், லண்டனில் உன் சளிக்காய்ச்சலும் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். அக்கா பூரணத்துக்கு இது எட்டாம் மாதம், கால் வீங்குகிறது, மற்றபடி நன்றாயிருக்கிறாள். முறைக்கு எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். இனி எழுதுவது கோபத்தில் எழுதுவது, ஒரு வரி விடாமல் வாசி.

உன் விமானத் தபால் வியாழக்கிழமை வந்தது. அப்பா ரயில்வே கந்தோரிலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உடைத்து வாசித்தார். மூன்று பக்கம். பக்கிரிசாமிக்குப் பல்முரசில் எத்தனை நாள் இரத்தம் கசிந்தது, குழாயில் எடுத்த இரத்தம் உறைய எத்தனை நிமிடம் பிடித்தது, ஆஸ்பத்திரி அட்டையைப் பார்த்து எழுதி அனுப்ப முடியுமா, விஷத்தூள் தீரப்போகிறது, பாம்பு பிடிக்க வேறு ஆள் கிடைப்பானா. நானும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த மனிதன் எப்படியிருக்கிறான் என்று ஒரு வரி இல்லை.

எப்படியிருக்கிறான் என்று நான் சொல்கிறேன். கிள்ளான் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவனைத் தேடிப்பிடித்து, உன் இரத்த ஆராய்ச்சிக்காகப் பாம்பின் வாயிலிருந்து கிண்ணத்தில் விஷம் இறக்கக் கற்றுக்கொடுத்தவன் நீ. நீ லீவு முடிந்து போனதிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு, கடலோரச் சதுப்பில் பிடித்த விரியன்களைத் தகரப் பெட்டியில் அடைத்து ரயிலேறி நம் பின்வளவுக்குக் கொண்டுவருவான், இறக்கிய விஷத்தை அப்பா உலர்த்தித் தூளாக்கி உனக்கு அனுப்புவார். போன ஆனி மாதம் அப்படி வந்தபோது, அப்பா கிண்ணத்தைப் பிடித்திருக்க, பாம்பு திமிறித் திரும்பி அவன் வலக்கையைக் கடித்துவிட்டது. அப்பாவின் கை ஆடியதாலா, பாம்பு வழுக்கியதாலா என்று அவர் இன்றுவரை வாய் திறப்பதில்லை, ஒழுங்காகச் சாப்பிடுவதும் இல்லை. நான்தான் ரிக்‌ஷாவில் அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டின துணியை நனைய நனைய மாற்றினேன், இரத்தம் உறையவேயில்லை, தண்ணீர்போல் வந்துகொண்டேயிருந்தது. ஐந்து நாள் கழித்து நின்றது, ஆனால் இரண்டு விரல்கள் கறுத்து அழுகிப்போய் வெட்டி எடுத்தார்கள். பால்வெட்டுக் கத்தியைப் பிடிக்கிற கை. தோட்டத்துத் துரை அவன் பெயரை அடித்துவிட்டு வீட்டையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார். இப்போது அவனும் அவன் மனைவி மாரியாயியும் நம் பின்னறையில் இருக்கிறார்கள்.

உன் கடிதம் என் கையில் இருக்கும்போதே மாரியாயி வந்து நின்றாள். "சின்னய்யா காயிதமாம்மா? எங்க வீட்டுக்காரரப் பத்தி ஏதும் கேட்டிருக்காங்களா?" என்றாள். முதல் வரியிலேயே கேட்டிருக்கிறான், அவனுக்குத் தனியாகவும் எழுதுகிறானாம் என்று சொன்னேன். பெற்ற பிள்ளையின் மானத்துக்காகக் கூசாமல் பொய் சொன்னேன். பக்கிரிசாமி எழுந்து வந்து, "அவ்வளவு வேலையிலயும் நம்மள நெனச்சிருக்காங்க பாரு" என்று அவளிடம் சொன்னான். நான் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நீ பிறந்த நாளிலிருந்து உன்மேல் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை.

உன் வேலை பெரிதென்று எனக்குத் தெரியாததல்ல. பல் பிடுங்கிய இடத்தில் இரத்தம் நிற்காமல் கிடந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கு, அந்த விஷத்தைக் கரைத்துப் பஞ்சில் வைத்ததும் நின்றது என்று நீ எழுதியதைக் கோயிலில் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தவள் நான். துளியாய் வைத்தால் உறைய வைக்கிற விஷம் கடித்தால் மட்டும் ஏன் உறைய விடாது என்று அப்பாவிடம் கேட்டேன், அதைத்தான் தம்பி ஆராய்கிறான் என்றார். ஆராய். ஆனால் அந்தப் பிள்ளையின் பெயரையும் அதன் தாய் அழுததையும் எழுதத் தெரிந்த நீ, கடிதத்தோடு அனுப்பிய உன் இங்கிலீஷ் கட்டுரையில் பக்கிரிசாமியை உள்ளூர் ஆள் ஒருவன் என்று போட்டிருக்கிறாயாம். அப்பா அர்த்தம் சொல்லும்போது அவருக்கே குரல் இறங்கிவிட்டது.

வேறு ஆள் தேடமாட்டோம். நீ கேட்ட ஆஸ்பத்திரி விவரத்தை அப்பா எழுதிவைத்திருக்கிறார், அது என் அலுமாரியில் பூட்டியிருக்கிறது. ஆராய்ச்சி கெடும் என்கிறார், கெடட்டும். முதலில் நீ பக்கிரிசாமிக்கு உன் கையால் தமிழில் எழுது, அடுத்த கட்டுரையில் அவன் பெயரைப் போடு. பிறகு திறக்கிறேன்.

கந்தசுவாமியார் உனக்குத் தேக சுகத்தையும் அதைவிட மேலாக நல்ல மனதையும் தரட்டும். கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. கடிதத்தை விமானத் தபாலிலேயே போடு, தபால்காரன் வரும் நேரம் அவர்கள் இருவரும் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். அவனுக்கு வாசிக்கத் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். எனக்கு நாக் கூசாதபடி எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
வ. தங்கரத்தினம்