கலங்கரை விளக்கத்தின் கடைசிக் காட்சி

நீ எனக்குச் செய்தது துரோகம். நாற்பது வருடம் ஒரு பொய்க்காக என்னைச் சண்டை போட வைத்தாய்.

இன்று காலை பேத்தி பெங்களூரா மாம்பழம் நறுக்கினாள். அந்த வாசனையில் நாம் வேலை பார்த்த சித்தூர் மாங்கூழ் ஆலை வீட்டுக்குள் வந்துவிட்டது. நான் கேட்டதற்காக, நாம் அன்று கொட்டகையில் பார்த்த அந்தக் கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படத்தையும் போனில் தேடி எடுத்துத் தந்தாள்.

கலங்கரை விளக்கத்தில் தனியாக ஒருத்தி. புயலுக்கு ஒதுங்கிய இருவரில் ஒருவன் கொலைகாரன். கண்ணாடிக்காரனா, தொப்பிக்காரனா? ஒருவரும் கத்துவதில்லை. கதவின் பிடி மட்டும் மெல்லத் திரும்பும். "பயம் கத்தறதுல இல்லபா, காத்துக்கினு கெடக்கறதுல இருக்குது" என்று அன்று என் காதில் சொன்னாய்.

காலைக் காட்சி முடிவதற்குள் நம் ஷிப்டு தொடங்கிவிடும். ஒருவன் முன்னால் ஆலைக்கு ஓடி மேஸ்திரியிடம் இருவருக்கும் பதில் சொல்வான். மற்றவன் முடிவைப் பார்த்துவந்து சொல்வான். அதுதான் நம் ஏற்பாடு. அன்று ஓடியவன் நான்.

"யாருபா?" என்றேன், நீ வந்ததும்.

"கண்ணாடிக்காரன்தான். சந்தேகமே வாணாம்."

ஆலையில் பழம் எடை போடுகிறவர் அதைக் கேட்டுச் சிரித்தார். "யோவ், நான் ரெண்டு தபா பாத்தேன். தொப்பிக்காரன்யா!"

"என் சிநேகிதன் பொய் சொல்லமாட்டான்" என்றேன். வார்த்தை தடித்தது. அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினேன். அவர் மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை.

போன மாதம் உன் காரியத்தன்று உன் மனைவி சொன்னாள்: "அவரு எங்கண்ணா பாத்தாரு? ராவெல்லாம் லாரியில பழம் எறக்கினவரு, கொட்டாயில தூங்கிட்டாரு. நீங்க கேப்பீங்கன்னு வழியெல்லாம் யோசிச்சிக்கினு வந்தாராம்."

கோபப்படக்கூடத் தெம்பில்லை. கதவின் பிடி திரும்பிய இடத்திலேயே படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

பேத்தி மீதியை ஓட்டக் கூடாது. மகன் நாளைக்கு என்னைத் திருப்பதி பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். எடை போடுகிறவர் அங்கே தன் மகன் வீட்டில் இருக்கிறார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். முடிவை அவர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்லி முடிக்கும்வரை நான் குறுக்கே பேசக் கூடாது.

நீ ஒன்றும் செய்ய வேண்டாம். தூங்கு.