தடியன் சாப்பிட்டாயிற்று

தம்பி,

தடியனுக்குக் காலையிலேயே சோறு வைத்துவிட்டேன். தட்டைக் கவ்விக்கொண்டு உன் கட்டிலருகே வந்து, பத்து நாள் பட்டினி போல முகத்தை வைத்துக்கொள்வான். நம்பாதே. அவன் லாப்ரடார், வயிறு நிறைந்தாலும் அந்த முகம் மாறாது.

நேற்று நீ வேலைக்குப் போனதும் அவனால் எழுந்திருக்கவே முடியவில்லை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நாய் டாக்டரிடம் ஓடினேன். எடையைப் பார்த்த டாக்டர், "எத்தனை வேளைம்மா போடுறீங்க?" என்றார். "ரெண்டே வேளைதான் டாக்டர்" என்றேன். சொல்லும்போதே உறைத்தது. நாம் பேசாத இந்த இரண்டு மாதமும் நீயும் தனியாக இரண்டு வேளை போட்டிருக்கிறாய். இப்படியே போனால் நடக்கவே மாட்டானாம்.

மாத்திரை ஃப்ரிட்ஜ் மேல். இன்று உனக்கு லீவுதானே, மதியம் அவனுக்குப் பாதி கொடு.

சண்டை சண்டையாகவே இருக்கட்டும், நான் இறங்கி வரவில்லை. ஆனால் சாயங்காலம் சோறு வைத்தால் போன் பண்ணி வாயைத் திறந்து சொல்.

அக்கா

உனக்கும் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டாயா என்று அதையும் சொல்.