ராஜா என்று பேர் வைத்த பொட்டைக்குட்டி

இன்று காலை பரணிலிருந்து உன் தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கினேன். இப்போது எல்லாரும் உரப்பையைத் தைத்து முதுகில் மாட்டிக்கொள்கிறார்கள்; கூடை யாருக்கும் வேண்டியதில்லை. தூசியைத் தட்டியபோது அடியிலிருந்து வேப்பெண்ணெய் வாடை வந்தது. இரண்டு வருடமாகியும் போகவில்லை. உன்னைப் போலவே பிடிவாதம்.

அந்த நாய்க்குட்டியை முதலில் கண்டவள் நான்தான். கொழுந்து லொறியில் பின்னங்கால் அடிபட்டு, என் நிரையில் ஒரு செடியடியில் முனகிக்கொண்டு கிடந்தது. நாய் என்றாலே எனக்கு நடுக்கம். பார்க்காதவள் போல அடுத்த செடிக்குப் போனேன். பக்கத்து நிரையில் நின்ற நீ, பறித்த கொழுந்தைப் படங்குச் சாக்கில் கொட்டிவிட்டு அதைக் கூடைக்குள் தூக்கிப் போட்டாய்.

"கங்காணி ஏசப் போறாருடி," என்றேன்.

"ஏசிட்டுப் போகட்டும். நமக்கு அது புதுசா?"

காலுக்கு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினாய். புண்ணுக்கு வேப்பெண்ணெய் போட்டாய். ஒன்றரை மாதத்தில் குட்டி நொண்டி நொண்டி லயத்து வீட்டு வரிசை முழுக்க ஓடியது. அந்த நேரம் பார்த்துத்தான் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் உன் ஒபரேசனுக்கு நாள் குறித்தார்கள். ஒரு வாரம்தான் இருந்தது. உன் வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "நீ போன மறுநாளே இத தேயிலைக்குள்ள விட்டுருவேன்." கெட்ட மனுசர் இல்லை. நம் தோட்டத்தில் பொட்டைக்குட்டி என்றால் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். குட்டி போட்டே தொல்லை தரும் என்று சாக்கில் கட்டித் தேயிலைக்குள் விட்டுவிடுவார்கள்.

"நீ வச்சுக்கிறியாடி?" என்று என்னிடம் கேட்டாய். பயம் என்றேன். நீ இரண்டாந்தரம் கேட்கவில்லை.

அப்புறம்தான் அதற்கு 'ராஜா' என்று பேர் வைத்தாய். பேரைக் கேட்டு ஆண் என்று நினைத்துக்கொள்வார்கள் என்பது உன் கணக்கு. பார்த்தால் தெரியாதபடி, புண்ணுக்குப் போட்டது போல இடுப்பைச் சுற்றி ஒரு கட்டும் போட்டுவிட்டாய். கங்காணியே ஏமாந்து வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலை, பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும் நேரத்தில், எல்லார் முன்னாலும் கொண்டுவந்து இறக்கினார்.

"ராஜாவாம் ராஜா! பொட்டையத் தலையில கட்டப் பாக்குறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மலைக்கு ஏறும்போது நீ மெதுவாகச் சொன்னாய்: "நான் பொறந்தப்பவும் எங்க வீட்டுல இப்புடித்தான் பேசினாங்களாம்." ஐந்தாவது பெண்ணான உனக்குப் 'போதும்பொண்ணு' என்று பேர் வைத்த வீடு அது. பெரட்டில் தினமும் கேட்ட பேர்தான். அதற்குள் என்ன இருந்தது என்று அன்றுவரை நான் யோசித்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை றக்வானைச் சந்தைக்குக் கூடையோடு போனோம். கலவானையிலிருந்து வந்து வெற்றிலை விற்கும் சிங்கள அக்காவிடம் இந்தத் தடவை நீ பொய் சொல்லவில்லை. பொட்டை, கால் நொண்டி, ராஜா என்று சொன்னதும் பொய் என்று எல்லாவற்றையும் சிங்களத்தில் ஒப்பித்தாய். அந்த அக்கா குட்டியைத் தூக்கி மடியில் வைத்துச் சிரித்தார். "கமக் நே. மமத் கெல்லெக்னே." பரவாயில்லை, நானும் பொட்டப்புள்ளதானே என்றார். நீ முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாய். ஒபரேசன் என்று சொன்ன அன்றுகூட நீ அழவில்லை.

ஒபரேசனுக்கு முதல் நாள் ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்தேன். "குட்டி சாப்பிடுதாமா?" என்றுதான் முதலில் கேட்டாய். நல்லா சாப்பிடுதாம் என்றேன். நான் யாரிடமும் விசாரித்திருக்கவில்லை. அடுத்த ஞாயிறு சந்தையில் கேட்டபோது, உண்மையாகவே நன்றாகச் சாப்பிடுகிறதாம். அதைச் சொல்ல நீ இல்லை.

போன வாரம் அக்கா சொன்னார், உன் ராஜா மூன்று குட்டி போட்டிருக்கிறாளாம். இரண்டு ஆண், ஒரு பொட்டை. எது வேண்டும் என்று கேட்டார். அதற்காகத்தான் இன்று கூடையை இறக்கினேன்.

சந்தையிலிருந்து குட்டியோடு பஸ்ஸில் வரும்போது எனக்குப் பயம் விடவில்லை. ஆனாலும் வழி முழுக்கக் கூடையை மடியிலிருந்து இறக்கவில்லை. லயத்து வாசலில் உன் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஆணா, பொட்டையா?"

"பொட்டதாங்க. கேட்டு வாங்கிட்டு வந்தேன்."