கயிற்றின் கீழ்முனை

மார்ச் 3, செவ்வாய்

சத்தியமாகச் சொல்கிறேன்: இந்த நோட்டில் நான் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள். நம்பாதவர்கள் வரிசையில் முதலிடம் என் மனைவிக்கு. முப்பத்தோரு வருடமாக அந்த இடத்தை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

எழுதச் சொன்னவள் அக்கா மகள். வயது நாற்பத்தொன்று. பதினாறு வருடம் வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். போன வருடம் திடீரென்று ராஜினாமா செய்தாள், பயிற்சிக்குப் போனாள், சான்றிதழும் மஞ்சள் ஹெல்மெட்டும் வாங்கினாள், மரம் வெட்டும் தொழிலில் குதித்துவிட்டாள். ஊரின் மறுகோடியில். அதாவது, எனக்குப் போட்டியாக! வீட்டில் இன்னமும் அவளுக்குக் கேஷியர் என்றுதான் பெயர்.

"மாமா, உங்களுக்குத் தெரிஞ்சதையெல்லாம் ஒரு நோட்டுல எழுதுங்க. நான் விழாம இருக்கணுமா வேண்டாமா?"

"நீ விழுந்தா எனக்கு ஒரு போட்டி குறையும்."

"நான் விழுந்தா எங்கம்மா நேரா உங்க வீட்டுக்குத்தான் வருவாங்க. வந்தா போகமாட்டாங்க."

அக்காவை எனக்குத் தெரியும். நோட்டு வாங்கிவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

நான் ஏறாத மரம் பூமியில் இல்லை. ஒருமுறை ஏறிய மரம் எவ்வளவு உயரம் என்றால், காலையில் ஏறத் தொடங்கியவன் உச்சியைத் தொடுவதற்குள் இரண்டு முறை ஷேவ் செய்துகொள்ள வேண்டியிருந்தது. கீழே மேகம். மேலே ஒரே ஒரு காக்கை, "இவ்வளவு தூரம் எதுக்குய்யா வந்தே?" என்பது போலப் பார்த்தது.

சரி, உபதேசம்.

போனில் விலை சொல்லாதே. "ஒரு சின்னக் கிளைதாங்க" என்பார்கள். வாடிக்கையாளர் பாஷையில் சின்னக் கிளை என்றால் பஸ் நீளம். நேரில் போய் மரத்தைச் சுற்றி வா. மரம் தெருவுக்குக் காட்டுவது ஒரு முகம், மதிலுக்குக் காட்டுவது ஒரு முகம். விருந்தாளி வந்த வீடு மாதிரி, குப்பையெல்லாம் பின்பக்கம்தான் இருக்கும்.

"அந்த ஒயர்ல கரண்ட் இல்லீங்க" என்று வீட்டுக்காரர் அடித்துச் சொன்னால், முதலில் அவரைத் தொட்டுக் காட்டச் சொல்.

கிளையை மேலிருந்து ஒரேயடியாக அறுக்காதே. அடியில் முதலில் ஒரு சிறு வெட்டு, அப்புறம் மேலே. இல்லாவிட்டால் கிளை விழுகிறபோது தாய்மரத்தின் தோலையும் உரித்துக்கொண்டு போகும்.

மூன்று உபதேசத்துக்கே கை வலிக்கிறது. கை அல்ல — தோள். வலது தோள். ஒன்றுமில்லை, சுளுக்கு.

மார்ச் 9, திங்கள்

சுளுக்கு இல்லையாம்.

டாக்டர் சின்னப் பெண். படத்தை விளக்குக்கு எதிரே பிடித்துக்கொண்டு, தசைநார் பாதி கிழிந்திருக்கிறது என்றார். "கை தலைக்கு மேல போகக் கூடாது" என்றார்.

"என் தொழிலே தலைக்கு மேலதான் ஆரம்பிக்குது டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. மருந்துச் சீட்டில் எதையோ இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் தளபதி ஏறவிட மாட்டாள். தளபதி என்றால் என் மனைவி. எங்கள் நிறுவனத்தில் மொத்தம் இரண்டு பேர். நான் விமானப்படை, அவள் தரைப்படை. என் இடுப்புப் பட்டையிலிருந்து கிளம்பும் கயிறு, மேலே கப்பியில் புகுந்து, கீழே இறங்கி, பக்கத்து மரத்தின் அடியில் மூன்று சுற்றுச் சுற்றி, அவள் கையில் முடியும். கல்யாணமான மூன்றாம் மாதத்திலிருந்து இப்படித்தான்.

ஏறாவிட்டால் நான் யார்? கீழே நின்று மரத்தைப் பார்க்கிற ஆள் ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

மார்ச் 12, வியாழன்

காலையில் தளபதி என் தலையை உற்றுப் பார்த்தாள்.

"என்ன, வகிடு அந்தப் பக்கம் போயிருச்சு?"

இடது கையால் சீவியதில் வந்த வினை. "புது ஸ்டைல்" என்றேன். "இருக்கிற நாலு முடிக்கு ஸ்டைல் ஒரு கேடா" என்று போய்விட்டாள். தப்பித்தேன்.

அவளை ஏமாற்றுவதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. மரத்தின் மேலிருந்து "ஐயோ போச்சு, விழுறேன்!" என்று நான் கத்திய தடவைகளை எண்ணினால் நோட்டு போதாது. முதல் வருடம் அலறினாள். இரண்டாம் வருடம் திட்டினாள். அப்புறம் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. "விழுந்தா சொல்லுங்க" என்பாள்.

மார்ச் 14, சனி

பள்ளிக்கூட வேலை வந்திருக்கிறது. விளையாடும் இடத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம். என் வயதைப் போல இரண்டு மடங்கு. ஒரு பெருங்கிளை வகுப்பறைக் கூரைமேல் சாய்ந்து, தண்டு சேருமிடத்தில் வெடிப்பு விட்டிருக்கிறது. தலைமையாசிரியை வெடிப்பைக் காட்டவேயில்லை, கூரையைத்தான் காட்டினார்.

"இதுக்குக் கீழ நாற்பது பிள்ளைங்க உட்காருறாங்க. உங்களால முடியும்தானே?"

முடியாது என்று சொல்லத் தெரிய வேண்டும் என்பது நான் கேஷியருக்கு எழுத வைத்திருந்த நான்காவது உபதேசம்.

"இதெல்லாம் எனக்குத் தூக்கத்துல செய்யற வேலை" என்றேன். அடுத்த சனிக்கிழமை, பிள்ளைகள் இல்லாத நாளில்.

மார்ச் 17, செவ்வாய்

கேஷியர் போன் செய்து, "இருக்கிறதுலயே பெரிய உபதேசம் எது மாமா?" என்றாள். யோசிக்காமலே சொல்லிவிட்டேன்:

"ஊரெல்லாம் பொய் சொல்லு. கயிறு பிடிக்கிறவங்ககிட்ட மட்டும் பொய் சொல்லாதே."

போனை வைத்த பிறகு வெகுநேரம் அரத்தை வைத்து ரம்பத்தைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே தீட்டிய ரம்பம்.

மார்ச் 20, வெள்ளி

நாளை. இரவு சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் கயிற்றை அடி அடியாக விரலில் உருட்டி, பழுது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வேலைக்கும் முந்தின நாள் செய்வது.

"என்ன?" என்றாள்.

"ஒன்னுமில்ல. டீ இருக்கா?"

கோழை. விமானப்படையாம்!

மார்ச் 21, சனி

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறின மாதிரி இருக்கிறது. உயிரோடு இருக்கிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

நேற்று நடந்தது.

பள்ளிக்கூட வாசலில் மஞ்சள் ஹெல்மெட் நின்றது.

"உன்னை யாரு வரச் சொன்னா?"

"சும்மா மாமா. தூக்கத்துல எப்படி மரம் ஏறுறதுன்னு பார்க்க வந்தேன்." நான் பட்டை மாட்டுவதைப் பார்த்தாள். "ஏன் இடது கையால மாட்டுறீங்க?"

"வலது கைக்கு இன்னைக்கு லீவு."

ஏறினேன். முதல் பாதி ராஜநடை. உயரக் கிளையில் கப்பியைக் கட்டி, அதற்கு நேர் கீழே வெடித்த கிளையில் நின்று, குட்டைக் கயிற்றால் என்னைக் கிளையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். அடிவெட்டு போட்டேன். மேல்வெட்டுக்காக ரம்பத்தைத் தூக்கினேன் —

தோள் பூட்டிக்கொண்டது. ரம்பம் கையை விட்டுப் போனது. கால் சறுக்கியது. மறு விநாடி குட்டைக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தேன். அதன் கொக்கி என் பாரத்தில் இறுகிக் கிடந்தது. பாரம் குறையாமல் கழற்ற முடியாது. ஒரு கையால் என்னை நானே தூக்க முடியாது. கொக்கியைக் கழற்றாமல் தளபதி என்னை இறக்கவும் முடியாது. தலைக்கு மேலே, நானே பாதி வெட்டிவைத்த, வெடித்த கிளை.

அங்கே தொங்கியது ஏழு வருடம். தாடி முழங்கால்வரை வளர்ந்தது. இரண்டு காக்கைகள் வந்து, கூடு கட்ட இந்த ஆள் தோதுப்படுவானா என்று கலந்து பேசின.

கத்தத்தான் வேண்டும். ஆனால் என்னவென்று கத்துவது? "ஐயோ போச்சு" என்றால் "விழுந்தா சொல்லுங்க" என்பாள். முப்பத்தோரு வருடமாக எல்லாக் கத்தலையும் விளையாட்டிலேயே செலவு செய்துவிட்டேனே. மிச்சம் ஒன்றுகூட வைக்கவில்லையே.

"கை வரல" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. அதுவும் மெதுவாக.

கீழேயிருந்து தளபதியின் குரல், சந்தைக்குப் போகச் சொல்கிற சாதாரணக் குரல்:

"சரி. நான் இருக்கேன். கீழே பார்க்காதீங்க."

ஏன், எப்படி, எத்தனை நாளா — ஒரு கேள்வி இல்லை. "நீ கயித்தைப் பக்கவாட்டுல இழு" என்று கேஷியரிடம் சொன்னாள். விறைத்து நிற்கும் கயிற்றைக் கேஷியர் வில் மாதிரி பக்கவாட்டில் இழுக்க, நான் ஒரு விரற்கடை உயர்ந்தேன். அவள் விட்டதும் கிடைத்த தளர்ச்சியைத் தளபதி சுற்றில் வாங்கிக்கொண்டாள். மறுபடி இழுப்பு, மறுபடி ஒரு விரற்கடை. பள்ளிக்கூடக் காவலாளியும் ஓடி வந்து கேஷியரோடு சேர்ந்தார். கயிறு அவர்கள் பக்கம் ஒரு விரற்கடைகூட நழுவவில்லை.

குட்டைக் கயிறு தளர்ந்தது. இடது கையால் கொக்கியைக் கழற்றினேன். என்னைக் குழந்தையைத் தொட்டிலில் விடுவது போல இறக்கினார்கள்.

மதியம் கேஷியர் அந்தக் கிளையைத் துண்டு துண்டாக இறக்கினாள். ஒரு ஓடு உடையவில்லை. நான் காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தேன். டீ பாதி மண்ணில். டம்ளரைப் பிடித்தது இடது கைதான்.

மார்ச் 24, செவ்வாய்

தளபதி இரண்டு நாள் பேசவில்லை. சமைத்தாள், மாத்திரை கொடுத்தாள், சட்டை மாட்டிவிட்டாள். பேசவில்லை. இன்று காலை என் தலையைச் சீவிவிட்டாள். வகிடு பழைய இடத்தில்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள்.

"என்னைக்கு?"

"இந்தக் கோடு இடம் மாறின அன்னைக்கு. மருந்துச் சீட்டு உங்க பேன்ட் பையிலேயே இருந்துச்சு. துவைக்கிறது யாரு?"

"அப்ப ஏன் ஏறவிட்ட?"

"வேண்டாம்னு நான் சொன்னா, எனக்குத் தெரியாம வேற யாரையாவது கயிறு பிடிக்க வச்சு ஏறுவீங்க. நீங்களா சொல்வீங்கன்னு ஒரு வாரம் காத்திருந்தேன். சொல்லல. அதான் அவளுக்குப் போன் பண்ணினேன்."

ஆக, சும்மா வந்த மஞ்சள் ஹெல்மெட்!

அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பாக ஒரு தடம், நீளமாக. அதன் அடியில் பழைய தடங்கள், காய்த்துப்போனவை. எத்தனை மரம், எத்தனை வருடம். என் கைகளை மட்டும்தான் நான் ஊரெல்லாம் காட்டித் திரிந்திருக்கிறேன்.

"மன்னிச்சிடு" என்றேன். பிறகு வழக்கம் போல ஏதாவது சேர்க்கலாம் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

"பல்லைக் காட்டாதீங்க" என்றாள். நான் காட்டவேயில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

தோளுக்குப் பயிற்சி. சுவரில் விரலால் எறும்பு மாதிரி ஏறுகிறேன். இன்று சுவிட்சுப் பலகை உயரம். உலக சாதனை.

மே 15, வெள்ளி

கேஷியர் வந்தாள். இரண்டு கடையையும் ஒன்றாக்கிவிடலாமாம்: மரத்தைப் பார்த்து விலை சொல்ல நான், ஏற அவள், தரையில் அவள் அத்தை.

"அப்போ நான் எதுக்கு? அலங்காரத்துக்கா?"

"மாமா, நான் சாஞ்சு நிக்கிற மரம் ஒன்னுக்குப் போன்லயே விலை சொல்லிட்டேன். பின்பக்கம் போய்ப் பார்த்தா கிணறு."

கூட்டாளி ஆனேன். பாவம், குழந்தை கெட்டுப்போகக் கூடாது.

ஜூன் 9, செவ்வாய்

நூலகத்து வாசல் மரம். பட்ட கிளைகள் மட்டும். சுற்றி வந்து பார்த்ததில், தெருவுக்குத் தெரியாத பக்கம் ஒரு பொந்தும் அதில் கிளிக்குஞ்சுகளும். அந்தக் கிளையை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்தேன். நூலகர் முகம் சுளித்தார். குஞ்சுகளிடம் நேரில் பேசிக்கொள்ளச் சொன்னேன்.

கேஷியர் ஏறத் தயாரானபோது, தளபதி கயிற்றை என் கையில் கொடுத்தாள்.

"இன்னைக்கு நீங்க பிடிங்க. எனக்கு முட்டி வலிக்குது."

நிஜமான வலியா என்று தெரியவில்லை. அவள் வகிடு இருந்த இடத்தில்தான் இருந்தது.

இடுப்புயரத்து வேலை, டாக்டர் கோபிக்க முடியாது. சுலபம் என்று நினைத்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் கழுத்து ஒடிந்தது. மூக்கு அரித்தது, சொறியக் கை இல்லை. கண்ணில் மரத்தூள், சிமிட்டப் பயம். ஏறுகிறவனுக்குத் தன் உயிர் மட்டும்தான் பாரம். கீழே நிற்கிறவளுக்கு — முப்பத்தோரு வருடம், ஒரு நாளும் மூக்கைச் சொறிந்து நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் மேலிருந்து அலறல்: "ஐயோ மாமா, போச்சு! விழுறேன்!"

எனக்கு உயிர் போய் வந்தது. ஆனால் கையில் கயிறு சும்மா இருந்தது. ஒரு துடிப்பில்லை, ஒரு இழுப்பில்லை. பசு மாதிரி நின்றது.

திரும்பிப் பார்த்தேன். நாற்காலியில் தளபதி, நிமிராமலே டீயை ஊதிக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடத்துல அன்னைக்கு?" என்றேன்.

"அன்னைக்கு நீங்க வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே கயிறு நடுங்குச்சு."

மேலே பார்த்துக் கத்தினேன்: "விழுந்தா சொல்லு!"

நோட்டைக் கேஷியரிடம் கொடுக்கப்போகிறேன். கொடுக்குமுன் ஒரு வாக்குமூலம். காக்கை பேசியது புளுகு. இரண்டு முறை ஷேவ் செய்தது புளுகு. ஏழு வருடத் தாடி புளுகு. காவலாளியின் கணக்குப்படி நாற்பது நிமிடம். கயிறு ஒரு விரற்கடைகூட நழுவவில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன் அல்லவா, அது மட்டும் நிஜம்.