நோயாளி இல்லாமல் டாக்டரைப் பார்த்தது

உதியன்குளங்கரை,
வியாழன்

அன்பு மகள் பிஜிக்கு,

வாழைக்குலை வியாபாரச் சக்கரவர்த்தியும், அப்பா இல்லாத உன்னைத் தோளில் போட்டு வளர்த்தவனுமான தங்கையன் மாமன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுதினால் பொய்யாகிவிடும். நான்கு நாளாக நீ போனை எடுக்காததால் உன் அம்மா தங்கபாய் வாசலுக்கும் கேட்டுக்கும் நடந்து நடந்து முற்றத்தில் ஒரு நாலுவழிச் சாலையே போட்டுவிட்டாள், பின்னாலேயே நானும் நடக்கிறேன். மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை என்று நீ சொன்னதும், எடுத்த எடுப்பில் 'எட்டி, பய ஆராவது உண்டா' என்று தங்கபாய் கேட்டது தப்பு. அதெல்லாம் சோதித்துப் பார்த்தாச்சு, ஒன்றுமில்லை என்று நீ அழுதுகொண்டு போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

திங்கட்கிழமை இருவரும் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போய் உன் பெயரில் டோக்கன் எடுத்தோம். பேஷன்ட் எங்கே என்று டாக்டரம்மா கேட்டார். பேஷன்ட் பெங்களூரில ஆக்கும், நான் பைஸ்டாண்டர் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். ஆஸ்பத்திரி என்ற ஒன்று உலகத்தில் உண்டான நாள் முதல் நோயாளி இல்லாமல் வந்த முதல் துணையாள் நான்தான். அவர் துரத்தவில்லை. பிள்ளை என்ன சாப்பிடுகிறாள், எத்தனை மணிநேரம் உறங்குகிறாள், மெலிந்தாளா என்று கேட்டார். அதில் ஒன்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. ஜெர்மனிக்குப் போக நீ எழுதுகிற பாஷைப் பரீட்சை எப்போது, போன தடவை எதில் தோற்றாய் என்பதை மட்டும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் மாதிரி ஒப்பித்தோம். அதைப் பற்றித் தினம் எத்தனை தடவை போன் செய்வீர்கள் என்றார். தங்கபாய் இரண்டு என்றாள், என் கணக்கு அதைவிடப் பெரிது. போன் போதாதென்று, ஜெர்மனியே உனக்காகச் சோறு வடித்துக் காத்திருக்கிறது என்று நான் அளக்காத கடை அமரவிளை வரைக்கும் இல்லையே. ஓயாத கவலை, உறக்கமின்மை, அரைவயிறு எல்லாம் சேர்ந்தால் மாதவிலக்குக்காக மாதந்தோறும் போகிற உத்தரவை மூளையே நிறுத்தி வைக்குமாம். அது நடிப்பும் இல்லை, சாபமும் இல்லையாம். ஆனாலும் மனசுதான் காரணம் என்று பார்க்காமல் முடிவு கட்டக்கூடாது, தைராய்டும் மற்ற ஹார்மோன்களும் இரத்தத்தில் பார்க்கணும், ஸ்கேன் எடுக்கணும், அவள் நேரே டாக்டரிடம் போகட்டும் என்றார். பஸ்ஸில் தங்கபாய் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள், நான் கேட்டது பிழைதான், அவளுக்கு எழுது என்று. என் பிழையையும் அதோடு சேர்த்துக்கொள்.

மக்கா, பரீட்சை எழுதினாலும் சரி, விட்டுவிட்டாலும் சரி. ஊருக்கு வரத் தோன்றினால் வா, எப்போ ஜெர்மனி என்று கேட்கிறவனைக் கவனிக்க நான் இருக்கிறேன், என்னிடம் ஆயிரம் பொய் இருப்பு உண்டு. கர்த்தர் உனக்கு நல்ல உறக்கம் தரட்டும். இந்த வாரமே டாக்டரைப் பார். எங்களோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் பேச வேண்டாம், இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் ஒரு வரி அனுப்பு. எங்களுக்குத் தெரியாமல் போனது அதுதான்.

இப்படிக்கு,
உன் தங்கையன் மாமன்